ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்

முதுமை பற்றிய தன் படிப்புக்காகச் சிங்கவரத்தில் மூன்று தெருக்களைச் சுற்றி முடித்து, வயதானவர்கள் என்று ஊர் சொல்லும் இருபத்துநான்கு பேரின் ஆதார் அட்டைகளைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்த பிறகுதான் கலைவாணி அதைக் கவனித்தாள். செஞ்சி பஸ்ஸுக்காகக் காத்திருந்த நேரத்தில் சும்மா நோட்டைப் புரட்டினாள். இருபத்துநான்கு பேரில் பத்தொன்பது பேர் ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்திருந்தார்கள். மூன்று பேர் ஜூலை ஒன்று. மீதி இரண்டு பேருக்குத்தான் பிறந்த தேதி என்று சொல்லிக்கொள்ள ஒன்று இருந்தது. அந்த இருவரும் எட்டாவது வரை பள்ளிக்கூடம் போனவர்கள்.

வெயிலில் அலைந்ததில் தப்பாக எழுதிவிட்டோமோ என்று அவளுக்குச் சந்தேகம். வந்த பஸ்ஸை விட்டுவிட்டுத் திரும்பிப் போய் நாலு வீட்டில் மறுபடி அட்டையை வாங்கிப் பார்த்தாள். தப்பில்லை. அன்று மாலை பேராசிரியர் வளர்மதிக்குப் போன் செய்து சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. பிறந்த தேதி தெரியாதவர்களுக்கு அட்டை போடும்போது இப்படி ஒரு தேதியைப் போட்டுவிடுவார்கள், தேதியைக் கழித்துவிட்டு வருஷத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். கலைவாணி சரி என்று போனை வைத்துவிட்டாள். ஆனால் மனசு கேட்கவில்லை. தேதி தெரியாதவர்களுக்கு வருஷம் மட்டும் எப்படித் தெரிந்தது?

கலைவாணி செஞ்சியை ஒட்டிய காலனியில் பிறந்தவள். நைனா தங்கராசு அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர். பன்னிரண்டாவதில் அவள் வாங்கிய மதிப்பெண்ணை அந்தக் காலனியில் அதற்கு முன்னால் யாரும் வாங்கியதில்லை. நர்சுக்குப் படிக்க வேண்டும் என்று இருந்தாள். அடுத்த வருஷமே கல்யாணம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை தேவேந்திரன் நல்லவன்தான். அப்போது லாரியில் கிளீனர், இப்போது சொந்தமாக ஒரு குட்டியானை வண்டி வைத்து நெல் மூட்டை, மணிலா என்கிற வேர்க்கடலை மூட்டை ஏற்றுகிறான். மகள் மோனிகா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் கலைவாணி தபாலில் பி.ஏ. எழுதினாள். மூன்று வருஷப் படிப்பை ஆறு வருஷத்தில் முடித்தாள். பிறகு வீடு வீடாகப் போய் பிரஷரும் சுகரும் பார்த்து மாத்திரை கொடுக்கும் வேலை கிடைத்தது. சுற்றுவட்டாரத்தில் அவளுக்குப் பெயரே பிரஷர் பார்க்கிற பொண்ணு என்றாகிவிட்டது.

அந்த வேலையில்தான் அவளுக்கு ஒரு கேள்வி ஒட்டிக்கொண்டது. ஐம்பத்திரண்டு வயதில் ஒரு பெண் கட்டிலைவிட்டு இறங்க முடியாமல் கிடப்பாள். பக்கத்து வீட்டில் எழுபதைத் தாண்டியவர் நெல் மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு போவார். கேட்டால் இருவரும் வயசாயிடுச்சி என்பார்கள். அந்த ஒரு வார்த்தைக்குள் எத்தனை விதமான உடம்பு இருக்கிறது என்று அவள் யோசிப்பாள். ஒருநாள் இதை மோனிகாவிடம் சொன்னாள். மோனிகா போனில் தேடி, இதையே படிப்பாகச் சொல்லித்தருகிறார்கள் என்று காட்டினாள். சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. முதுமையியல். மாதத்தில் இரண்டு சனி, ஞாயிறு வகுப்பு. மனிதன் கருவில் இருந்து கடைசி வரை எப்படி வளர்கிறான், எப்படி மூப்படைகிறான், நடுவில் பட்ட பசியும் பார்த்த வேலையும் பெற்ற படிப்பும் பின்னால் எப்படி வந்து சேருகின்றன என்பதெல்லாம் பாடம்.

தேவேந்திரன் கேட்டுவிட்டுச் சிரித்தான். “வயசானவங்களப் பத்திப் படிக்கறதுக்கு இன்னா அவசரம்? வயசானா தானா தெரிஞ்சிடப்போவுது,” என்றான். ஆனால் சேர வேண்டிய நாளில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு அவளோடு திண்டிவனம் வரை பஸ்ஸில் வந்து, சென்னை பஸ்ஸில் ஜன்னல் ஓர இடம் பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனான்.

வகுப்பில் பதினான்கு பேர். பாதிப் பேர் நர்சுகள், இரண்டு பேர் பிசியோதெரபி படித்தவர்கள். பாடம் எடுத்த வளர்மதி கலைவாணியைவிட ஐந்து வயது சின்னவர். முதல் வகுப்பில் ஆளுக்கு ஒரு நீளத் தாளைக் கொடுத்து, பிறந்ததிலிருந்து இன்று வரை தன் வாழ்க்கையை ஒரு கோடாகப் போடச் சொன்னார். எந்த வயதில் எது நடந்தது என்று கோட்டின் மேல் குறிக்க வேண்டும். கலைவாணி பிறந்த தேதி என்ற இடத்தில் 10.6.1982 என்று எழுதினாள். சான்றிதழில் அப்படித்தான் இருந்தது. எழுதிய கை அங்கேயே நின்றுவிட்டது. அவளைப் பள்ளியில் சேர்த்த கதை வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தலைமையாசிரியர் வலது கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னாராம். ஒல்லிக் குச்சியாக இருந்தாலும் கை நீளம், தொட்டுவிட்டாள். ஐந்து முடிந்துவிட்டது என்று அவரே ஒரு தேதியைப் போட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம் அம்மா பூவாயியிடம் போய்க் கேட்டாள். பூவாயி கொஞ்ச நேரம் விரல் மடக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“உன்ன ஸ்கூல்ல சேத்த வருசந்தான் எம்.ஜி.ஆர். செத்தாரு. அந்த மார்கழியிலதான் உனக்கு நாலு முடிஞ்சுது. கூழு ஊத்தறதுக்கு ஆளில்லாம, வேலைக்குப் போவணும்னு சீக்கிரமே சேத்துட்டோம்.”

அப்படியென்றால் அவள் பிறந்தது எண்பத்திமூன்று டிசம்பரில். கலைவாணி அந்த நீளத் தாளில் தேதியை அடித்துத் திருத்தினாள். திருத்தியதும் கோட்டின் மேலிருந்த எல்லாம் ஒன்றரை வருஷம் நகர்ந்தது. இரண்டாயிரம் ஆவணியில் கல்யாணம். சான்றிதழ்படி பதினெட்டு முடிந்த பெண். உண்மையில் பதினேழுகூட நிறையவில்லை. அன்றைக்குத் தன்னை எல்லோரும் பெரிய மனுஷியாக நடத்தியதும், தானும் அப்படியே நடந்துகொண்டதும் நினைவுக்கு வந்தன. அழுகை வரவில்லை. அறைக்குள் எட்டிப் பார்த்தாள். இருபது முடிந்த மோனிகா காதில் பாட்டை மாட்டிக்கொண்டு அடுத்த நாள் பரீட்சைக்கு ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். அவள் பிறந்த தேதியில் எந்தச் சந்தேகமும் இல்லை. ஆஸ்பத்திரியில் மணி நிமிஷத்தோடு எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

இரண்டாம் வருஷம் ஆய்வுக்குத் தலைப்புக் கேட்டபோது கலைவாணி சொன்னது இதைத்தான்: பிறந்த தேதி தெரியாதவர்களின் உண்மை வயதைக் கண்டுபிடிப்பது. வளர்மதி முதலில் தயங்கினார். பிறகு ஒத்துக்கொண்டார். இருவரும் சேர்ந்து ஒரு காலண்டர் தயாரித்தார்கள். ஒரு பக்கம் வருஷங்கள். எதிர்ப்பக்கம் அந்தப் பகுதியில் எல்லோருக்கும் நினைவிருக்கும் சம்பவங்கள். ஏரி உடைந்த வருஷம், தெருவுக்கு கரண்ட் வந்த வருஷம், இந்திரா காந்தியைச் சுட்ட வருஷம், சுனாமி, தானே புயல். நடுவில் அந்த மனிதரின் சொந்தக் கதையை எழுத வேண்டும். பெரியவள் ஆனது, முதல் பிள்ளை, நிலம் விற்றது, கால் ஒடிந்தது. பக்கத்துச் சம்பவத்தோடு பொருத்திப் பார்த்தால் வயது ஓரளவுக்குப் பிடிபட்டுவிடும். கூடவே உடம்பையும் அளக்க வேண்டும். நாலு மீட்டர் நடக்க எத்தனை நொடி, கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழ எத்தனை நொடி. கைப்பிடியின் வலுவைக் கிலோ கணக்கில் காட்டும் கருவி ஒன்றையும் துறையிலிருந்து கொடுத்தனுப்பினார்கள்.

அம்மாக்கண்ணு அவளுக்கு அத்தை முறை. அதே காலனி. பிறந்த தேதி வழக்கம்போல ஜனவரி ஒன்று, வருஷம் 1968. அதன்படி ஐம்பத்தாறு வயது. மணிலாக் கொல்லையில் களை எடுத்து எடுத்து முதுகு வளைந்துபோய், நாலு மீட்டர் நடக்க ஒன்பது நொடி எடுத்துக்கொண்டாள். முதியோர் உதவித்தொகைக்கு அறுபது முடிந்திருக்க வேண்டும் என்று அவளை மூன்று முறை திருப்பி அனுப்பியிருந்தார்கள். அவள் புருஷன் பல வருஷங்களுக்கு முன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவன், திரும்பவில்லை. விதவை என்று எழுதிக் கொடு, அந்த உதவியாவது வரும் என்று யாரோ சொன்னதற்கு, உயிரோடு இருக்கிறவனை எப்படிச் சாகடிக்கிறது என்று மறுத்துவிட்டாள்.

ஆதார் எடுக்கும்போது வயதை எப்படிச் சொன்னாய் என்று கலைவாணி கேட்டாள். நான் எங்கே சொன்னேன், நாப்பது நாப்பத்தஞ்சு இருக்கும், பாத்துப் போடு தம்பின்னேன், அது பாத்துப் போட்டுது என்றாள் அம்மாக்கண்ணு.

காலண்டரை விரித்து வைத்துக்கொண்டு இரண்டு மத்தியானம் பேசினார்கள். கலைவாணி கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வந்தது. நாலாவது பிள்ளை பிறந்ததும் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்ட இடத்துக்கு வந்தபோது அம்மாக்கண்ணு எழுந்து உள்ளே போய், டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வந்தாள். மடிப்பில் கிழிந்து, பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்த அட்டை.

“அன்னைக்கு ஒரு பக்கெட்டும் குடுத்தாங்க, கலை. பக்கெட்டு ஒடஞ்சிபோச்சி. இது இருக்குது.”

அரசு ஆஸ்பத்திரி முத்திரை. தேதி மார்ச் 1986. வயது என்ற இடத்தில் 26.

கலைவாணி அந்த எண்ணைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அப்படியானால் அத்தைக்கு அறுபத்திநாலு. நாலு வருஷமாக அவளுக்குச் சேர வேண்டியது சேரவில்லை. வெயிலில் குனிந்தே அந்த நாலு வருஷமும் போயிருக்கிறது.

உடனே எல்லாம் நடந்துவிடவில்லை. தாலுகா ஆபீசில் கேட்டபோது, ஆதாரில் இருப்பதை வைத்துத்தான் பார்க்க முடியும், மாற்ற வேண்டுமென்றால் பிறப்புச் சான்று வேண்டும் என்றார்கள். பிறப்புச் சான்று இருந்தால் ஆதாரே சரியாக இருந்திருக்கும். சட்டம் அப்படி, சொன்னவர்கள்மேல் குறையில்லை. ஒரு திங்கட்கிழமை கலைவாணி அம்மாக்கண்ணுவைக் கூட்டிக்கொண்டு விழுப்புரம் கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கப் போனாள். ஆபரேஷன் அட்டையின் நகல், ஒவ்வொரு வருஷத்துக்கும் சம்பவம் பொருத்திய காலண்டர், டாக்டரிடம் காட்டி வயதைக் கணித்துச் சான்று தரவேண்டும் என்ற கோரிக்கை எல்லாம் சேர்த்துப் பின் போட்டிருந்தாள். மனுவை வாங்கிய அதிகாரி காலண்டரை மட்டும் தனியாக எடுத்துக் கொஞ்ச நேரம் படித்தார். பார்க்கிறோம் என்றார்.

இதெல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கலைவாணி அந்தத் தவறைச் செய்தாள்.

அக்டோபர் ஒன்று முதியோர் தினம். செஞ்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் நடத்தி, மாணவர்கள் தங்கள் ஆய்வைப் பெரிய அட்டைகளில் எழுதி வைக்க ஏற்பாடாகியிருந்தது. ஊரில் நாலு பெரிய மனிதர்களும் வந்தார்கள். கலைவாணி தன் அட்டையில் முதலில் போட்டது தாண்டவராயன் கதையை. சிங்கவரத்தில் விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஒரு தனியார் கல்லூரியில் காவல்காரர். ஆதாரில் வயது ஐம்பத்தேழு. அவருடைய சொந்தத் தம்பி பார்த்திபன் படித்து மின்வாரியத்தில் வேலை பார்த்து, அறுபது முடிந்து ஓய்வு பெற்றே ஒரு வருஷம் ஆகிவிட்டது. அண்ணனுக்கு இன்னும் மூன்று வருஷம் வேலை பாக்கி இருந்தது. காலண்டர்படி பார்த்தால் தாண்டவராயனுக்கு அறுபத்திநாலு. காலனிப் பெண்ணை வீட்டுக்குள் உட்காரவைத்துப் பேசுவதில் அந்தத் தெருவில் பலருக்கு இன்னும் தயக்கம் உண்டு, அவர் தயங்கியதில்லை. எந்த விவரமும் வெளியே போகாது என்று அவள் எழுதிக் கொடுத்ததை நம்பித்தான் எல்லாவற்றையும் சொன்னார்.

கலைவாணி பெயரைப் போடவில்லை. ஆனால் ‘தம்பியைவிட நாலு வயது இளைய அண்ணன்’ என்று தலைப்பு வைத்து, கல்லூரிக் காவல்காரர் என்றும் மின்வாரியத் தம்பி என்றும் எழுதியிருந்தாள். மண்டபமே அதன் முன்னால் நின்று சிரித்தது. மைக்கில் ஒருமுறை விளக்கச் சொன்னார்கள். கலைவாணிக்கு அப்படி ஒரு கூட்டத்தின் முன்னால் பேசிப் பழக்கமில்லை. சிரிப்பு வரவர அவளுக்குப் பேச்சும் வந்தது. அன்று வீட்டுக்கு வந்து மோனிகாவிடம் ஒவ்வொன்றாகச் சொல்லிச் சந்தோஷப்பட்டாள்.

கூட்டத்தில் சிரித்தவர்களில் அந்தக் கல்லூரியின் மேலாளர் அரங்கநாதனும் ஒருவர். மூன்றாம் நாள் தாண்டவராயனை இனி வரவேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். அறுபதுக்கு மேல் ஆளை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அங்கே விதி.

பிரஷர் பார்க்கப் போன வீட்டில் யாரோ சொல்லித்தான் கலைவாணிக்குத் தெரிந்தது. பையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள். தாண்டவராயனின் மனைவி ராஜாம்பாள் வாசலிலேயே நின்றாள்.

“இன்னாத்துக்கு வந்த? பிரஷர் பாக்கவா? அதெல்லாம் ஏறித்தான் கெடக்குது.”

உள்ளேயிருந்து தாண்டவராயன் வந்தார். கோபம் இல்லை, அதுதான் அவளைச் சுட்டது.

“நான் உங்கிட்ட சொன்னது நாலு பேரு சிரிக்கறதுக்காம்மா?” என்று மட்டும் கேட்டார்.

அவள் மன்னிப்புக் கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். போய் வா என்றும் சொல்லவில்லை, உட்கார் என்றும் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் வளர்மதியின் அறைக்குப் போய், நடந்ததை ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். படிப்பை நிறுத்திவிடுகிறேன் என்று கடிதமே எழுதிக்கொண்டு போயிருந்தாள். வளர்மதி அதைப் படித்துவிட்டு மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

“அந்த அட்டையை மாட்டறதுக்கு முன்னாடி நீங்க எனக்கு அனுப்பிச்சீங்க. நானும் பாத்துச் சிரிச்சேன். இது ரெண்டு பேர் தப்பு, கலைவாணி. நீங்க மட்டும் எப்படிக் கிளம்பிப் போவீங்க?”

இருவருமே நடந்ததை ஆய்வு நெறிமுறைக் குழுவுக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஒரு மாதம் ஆய்வை நிறுத்தி வைத்தார்கள். அதற்குள் பேசிய அத்தனை பேரையும் திரும்பப் போய்ப் பார்த்து, வயது வெளியே தெரிந்தால் என்னென்ன நடக்கக்கூடும் என்று விளக்கி, மறுபடி சம்மதம் கேட்க வேண்டும் என்று உத்தரவு. கலைவாணி வீடு வீடாகப் போனாள். ஏழு பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் பக்கங்களை அவர்கள் முன்னாலேயே கிழித்துக் கொடுத்தாள்.

அரங்கநாதனை இரண்டு முறை போய்ப் பார்த்தாள். தன் அட்டையில் இருந்தது கணிப்புத்தான், சட்டப்படி செல்லுகிற வயது ஆதாரில் இருப்பதுதான் என்று வளர்மதி துறையின் பெயர் அச்சிட்ட தாளில் எழுதிக் கொடுத்த கடிதத்தையும் காட்டினாள். அவர் வாங்கி வைத்துக்கொண்டார். அந்த ஆளுக்கு ராத்திரி ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்றார்.

இதைத் தாண்டவராயனிடம் போய்ச் சொன்னாள். அவர் வலது கையை விரித்து மூடிப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“அன்னைக்கு ஒரு இரும்புக் கைப்பிடி குடுத்து அமுக்கச் சொன்னியே, அதுல நான் எவ்ளோ அமுக்கினேன்?”

“முப்பத்தாறு கிலோ, ஐயா.”

“அது நல்லதா?”

“அம்பது வயசுக்காரங்க பல பேரு அவ்ளோ அமுக்கறதில்ல.”

“அப்போ அத எடுத்துக்கினு வா. நானும் வரேன்.”

மறுநாள் காலை பத்து மணிக்கு இருவரும் அரங்கநாதன் அறையில் நின்றார்கள். தாண்டவராயன் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். அவர் பேசிய விதத்தைக் கலைவாணி பிறகு பெயர் சொல்லாமல் பல பேரிடம் சொல்லியிருக்கிறாள். வயது எனக்கே தெரியாது சார், இந்தப் பொண்ணுக்கும் உத்தேசமாத்தான் தெரியும், நான் வேலை செய்ய முடியுமா முடியாதான்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க என்றார். சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, ஐந்து முறை எழுந்து உட்கார்ந்தார். பதினோரு நொடி. பிறகு கருவியைப் பிடித்து அமுக்கினார். முள் முப்பத்தாறைத் தாண்டி நின்றது.

“நீங்களும் ஒரு தடவ புடிச்சிப் பாருங்க, சார்,” என்று நீட்டினார்.

அரங்கநாதன் நாற்பத்தைந்து வயதுக்காரர். சிரித்துக்கொண்டேதான் வாங்கினார். இருபத்தொன்பது காட்டியது. மோதிரம் இடிக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டு மறுபடி அமுக்கினார். முப்பது. இடது கையில் பார்த்தார். அது இன்னும் குறைந்தது. கருவியை மேசைமேல் வைத்தார். கலைவாணி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த முறை யாரையும் பார்த்துச் சிரித்துவிடக் கூடாது என்ற பயம்.

கடைசியில் அவர் இழுப்பறையைத் திறந்து வளர்மதியின் கடிதத்தை எடுத்தார்.

“நீங்களே இது கணிப்புத்தான்னு எழுதிக் குடுத்துட்டீங்க. ஆதார்ல அம்பத்தேழுதான் இருக்குது. எனக்கு அதுதான் பேச்சு,” என்றார். பிறகு தாண்டவராயனைப் பார்த்து, “ராத்திரி டியூட்டி வேணாம். பகல்ல வாசல்ல இருங்க. திங்கக்கிழம வந்துடுங்க,” என்றார்.

வெளியே வந்ததும் தாண்டவராயன் பஸ் நிறுத்தம் வரை கூட நடந்தார். பஸ் வந்தபோது கண்டக்டரிடம் இரண்டு டிக்கெட்டாக வாங்கி, ஒன்றை அவள் கையில் கொடுத்தார். ராஜாம்பாள் இறங்கி வர இன்னும் நாளாயிற்று. கார்த்திகை மாதத்தில் ஒருநாள், கலைவாணி அந்தத் தெருவில் போனபோது கூப்பிட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டே கையை நீட்டினாள். கலைவாணி பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தாள். நூற்று இருபத்தெட்டுக்கு எண்பது. நல்லா இருக்குதும்மா என்று சொன்னாள். தெரியும் என்றாள் ராஜாம்பாள்.

அந்த டிசம்பரில் புயல் மழை கொட்டித் தீர்த்தது. செஞ்சிப் பக்கமெல்லாம் வயல் எது, ஏரி எது என்று தெரியாமல் கிடந்தது. அலுவலகங்கள் எல்லாம் வெள்ள நிவாரணத்தில் முழுகியிருந்ததால் அம்மாக்கண்ணுவின் மனு அப்படியே நின்றது. தை பிறந்த பிறகு டாக்டரிடம் அனுப்பினார்கள். பல்லும் எலும்பும் பார்த்து, ஆபரேஷன் அட்டையையும் பார்த்து, அறுபத்திரண்டுக்குக் குறையாது என்று எழுதிக் கொடுத்தார். மாசி மாதம் உதவித்தொகைக்கு உத்தரவு வந்தது. தபால்காரர் கொடுத்த காகிதத்தை அம்மாக்கண்ணு கலைவாணியிடம் கொண்டுவந்து இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள். மறுநாள் களைக்குக் கூப்பிட வந்தவர்களிடம் இனி காலையில் மட்டும்தான் வருவேன், மத்தியானத்துக்கு மேல் வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பினாள். வேலையை ஒரேயடியாக விடச் சொன்னாள் கலைவாணி. அத்தை கேட்கவில்லை. நாலு பொம்பளைங்க கூடப் பேசிக்கிட்டு இருக்கிற இடத்தை எதுக்கு விடணும் என்றாள்.

கலைவாணியின் ஆய்வில் கடைசி அத்தியாயம் முதலில் திட்டத்திலேயே இல்லாதது. வயதைச் சொல்வதால் ஒருவருக்கு என்ன கிடைக்கிறது, என்ன போகிறது என்பது பற்றியது. தான் செய்த தவறை அதில் அவள் மறைக்கவில்லை. யாருடைய கதை என்று தெரியாதபடி ஊரையும் வேலையையும் மாற்றி, தாண்டவராயனிடம் படித்துக்காட்டிவிட்டு எழுதினாள். வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர் அந்த அத்தியாயத்தைப் பற்றி மட்டும் அரைமணி நேரம் கேட்டார். புள்ளிவிவரத்தில் இரண்டு கேள்விக்கு அவளுக்குப் பதில் தெரியவில்லை, தெரியாது என்றே சொன்னாள். முதல் வகுப்பு வந்தது. தேவேந்திரன் குட்டியானையில் அன்று யாருடைய மூட்டையும் ஏற்றாமல், காலனிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கோட்டை வரை ஒரு சுற்றுச் சுற்றி, ஐஸ் வாங்கிக் கொடுத்துக் கூட்டிவந்தான்.

இப்போது அந்தப் பல்கலைக்கழகம் இதே ஆய்வை இன்னும் நாலு ஒன்றியங்களில் செய்கிறது. வீடு வீடாகப் போகிற பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை கலைவாணிக்கு. போன மாதம் மேல்மலையனூரில் ஒரு பள்ளிக்கூட அறையில் இருபது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அமாவாசைக்கு முந்தின நாள். வெளியே கோயிலுக்கான ஸ்பெஷல் பஸ்கள் வந்து நிற்கத் தொடங்கிவிட்டன. கலைவாணி ஆளுக்கு ஒரு படிவம் கொடுத்தாள். கொடுத்ததும் எல்லோரும் பேனாவைத் திறந்தார்கள்.

“பேனாவ மூடி வைங்க. இன்னிக்கு எழுத வேண்டாம்,” என்றாள். “இன்னிக்கு, கேக்கறதுக்கு முன்னாடி அவங்களுக்கு நாம இன்னா சொல்லணும்னு பாப்போம்.”

முன்வரிசையில் இருந்த ஒரு பெண், அதற்கு ஒருநாள் முழுக்க வேண்டுமா அக்கா என்று கேட்டாள். ஆகும் என்று சொல்லிவிட்டு, கலைவாணி அவள் பக்கத்திலேயே ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தாண்டவராயன் பெயரையோ ஊரையோ சொல்லாமல், ஒரு அண்ணன் தம்பியின் கதையை முதலில் இருந்து ஆரம்பித்தாள்.